படபடப்பு வந்தால் பயப்படும் முன் நாடியைப் பிடியுங்கள்

படபடப்பு என்று சொல்லி வருகிற பலருக்கு, என் முன்னால் வந்து உட்காரும்போது இதயம் ஒழுங்காகத்தான் துடித்துக்கொண்டிருக்கும். நேற்று ராத்திரி வந்தது, அரை மணி நேரம் இருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் நின்றுவிட்டது என்பார்கள். ஈசிஜி எடுத்தால் நார்மல். "அப்போ எல்லாம் என் மனப்பிரமையா டாக்டர்?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. வழக்கமாக எடுக்கும் ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடிகளைத்தான். நேற்று நடந்ததை அது இன்றைக்குக் காட்டாது. அதனால் இந்தத் தொந்தரவில் மெஷினைவிட உங்கள் ஞாபகம்தான் எனக்குப் பெரிய உதவி.

எப்படித் துடித்தது என்று மேசைமேல் விரலால் தட்டிக் காட்டச் சொல்வேன். சிலர் கூச்சப்படுவார்கள். ஆனால் தட்டிக் காட்டிவிட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

சிலர் இரண்டு மூன்று முறை சீராகத் தட்டிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள். "நெஞ்சு ஒரு நொடி நின்னு மறுபடி ஓடுது" என்பது இவர்கள்தான். உண்மையில் நிற்பதில்லை. ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. அது வலுவில்லாததால் நமக்குத் தெரிவதில்லை. அதன்பின் வரும் இடைவெளி சற்று நீள்வதால் ரத்தம் கூடுதலாக நிரம்பி, அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நாம் உணர்வது அதைத்தான். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் இது வரும். இரவில் படுத்தபிறகு, முக்கியமாக இடது பக்கம் சாய்ந்து படுக்கும்போது, இன்னும் தெளிவாகத் தெரியும். எக்கோ பரிசோதனையில் இதயம் சரியாக இருந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். நாள் முழுக்க அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் மட்டும் விடாமல் பார்க்க வேண்டும்.

அடுத்த வகையினர் கை வலிக்கிற வேகத்தில், ஆனால் ஒரே சீராகத் தட்டுவார்கள். நான் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். ஆபத்து அதிகம் என்பதால் அல்ல, இவர்களுக்குத்தான் "பதற்றம், டென்ஷன்" என்ற முத்திரை சீக்கிரம் விழுகிறது. அதிலும் இளம்பெண்களாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எஸ்விடி என்று நாங்கள் சொல்லும் இந்தக் கோளாறில், இதயத்துக்குள் மின்னோட்டம் ஒரு குறுக்குப்பாதையில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று தொடங்கும், நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை அடிக்கும், அதேபோல் சட்டென்று நிற்கும். சிலருக்குக் கழுத்தில் துடிப்பு தெரியும். நின்ற பிறகு சிறுநீர் நிறையப் போகும். பதற்றத்தால் வருகிற படபடப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பயம் முதலில் வந்ததா, துடிப்பு முதலில் வந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

எஸ்விடி என்று உறுதியாகி, மருத்துவர் கற்றுக்கொடுத்திருந்தால் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சாய்ந்து உட்கார்ந்து 15 விநாடி மூச்சை இறுக்கி முக்கி ஊதிவிட்டு, உடனே மல்லாந்து படுத்து, கால்களை இன்னொருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த முறையால் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது. உட்கார்ந்தபடி ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் சரியானது. கழுத்து ரத்தக்குழாயை அழுத்தித் தேய்க்கும் வேலையை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். அடிக்கடி வந்தால், அந்தக் குறுக்குப்பாதையைச் சூடாக்கி அடைக்கும் அப்லேஷன் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடும்.

தாளமே இல்லாமல் கண்டபடி தட்டினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா, அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறா, என்று பார்க்க வேண்டும். வயதானவர்கள், ரத்த அழுத்தம், வால்வு நோய், தைராய்டு மிகுதி உள்ளவர்களுக்கு இது அதிகம். இதில் வேகத்தைவிட, இதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதுதான் பெரிய பயம். தானாக நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

இதயத்தில் கோளாறே இல்லாமலும் படபடக்கும். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், நீரிழப்பு, கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம், மது, எனர்ஜி டிரிங்க், சர்க்கரை மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது. ஆஸ்துமா இன்ஹேலரும் மூக்கடைப்பு மாத்திரையும் கூடச் செய்யும். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். காபியை எல்லோருக்கும் நிறுத்தச் சொல்லும் ஆள் நானில்லை. குடித்தால் வருகிறது என்று தெரிந்தால் குறையுங்கள், போதும்.

சரி, எப்போது உடனே ஓட வேண்டும்? படபடப்போடு மயக்கம் வந்தாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் கோணி கை கால் பலவீனமானாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் என்றால் வெறும் படபடப்பே போதுமான காரணம். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தவரையும், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பவரையும் "வெயிலாக இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 120க்கு மேல் அடித்து இறங்காமல் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

மற்றபடி, அடுத்த முறை வரும்போது மணியைப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சீராக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். துடிப்பு தாறுமாறாக இருக்கும்போது சாதாரண ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண் தப்பாக இருக்கலாம். ஈசிஜி எடுக்கும் வாட்ச் என்றால் அந்தப் பதிவைச் சேமித்து வையுங்கள். முடிந்தால், படபடப்பு இருக்கும்போதே பக்கத்தில் எங்காவது ஈசிஜி எடுத்துவிடுங்கள். அந்தத் தாள் நாளாக நாளாக மங்கிவிடும், ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

தினமும் வருகிற படபடப்புக்கு 24 அல்லது 48 மணி நேர ஹோல்ட்டர் (உடம்பில் கட்டிக்கொண்டு விடாமல் ஈசிஜி பதிவு செய்யும் கருவி) போதும். மாதத்துக்கு ஒரு முறை வருவதற்கு அது பயன்படாது; இன்னும் நீண்ட நாள் பதிவு செய்யும் கருவி வேண்டும். ஹோல்ட்டர் கட்டியிருந்த நாளில் படபடப்பே வரவில்லை என்றால், "நார்மல்" என்ற ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.