மொய் நோட்டும் கூகுளும்

பேராவூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஊர் இளைஞர்கள் சேர்ந்து அங்கே ஒரு படிப்பகம் நடத்துகிறார்கள். காலையில் பேப்பர், பகலில் புத்தகம், சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, 18,000 ரூபாய் செலவில் ஒரு வெப்சைட்டும் திறந்துவிட்டார்கள். முகப்பில் படங்கள் சுழல்கின்றன, எழுத்துகள் பறந்து வந்து உட்கார்கின்றன. "ஆனால் ஊர்ப் பெயரையும் படிப்பகம் என்ற சொல்லையும் போட்டுக் கூகுளில் தேடினால் எங்களைத் தவிர எல்லாரும் வருகிறார்கள். போட்டுத் தந்தவரைக் கேட்டால், எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்ய இன்னும் 15,000 ஆகும், முதல் பக்கத்துக்கு நான் கேரண்டி என்கிறார். கொடுக்கலாமா சார்?"

கொடுக்காதீர்கள். கூகுளின் முதல் பக்கத்துக்கு எவராலும் கேரண்டி தர முடியாது. அந்த வரிசையில் காசு கொடுத்து இடம் வாங்க முடியாது என்பதைக் கூகுளே பல வருடமாகச் சொல்லி வருகிறது. கேரண்டி தருகிறவர் தாயத்து விற்கிறவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. சரி, அப்படியானால் படிப்பகம் ஏன் வரவில்லை? அதற்குத் தேடல் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் பட்டனை அழுத்துகிற நொடியில் கூகுள் எந்த வெப்சைட்டுக்கும் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. முன்பே எழுதி வைத்திருக்கும் ஒரு நோட்டைப் புரட்டுகிறது, அவ்வளவுதான். நோட்டை நிரப்பும் நிரல் ஒரு பக்கத்தைப் படிக்கும். அதில் உள்ள சுட்டிகளை, அதாவது லிங்க்குகளை, குறித்துக்கொள்ளும். அவற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு நகரும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரே ஒரு எச்சரிக்கை: வெப்சைட் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, திறப்பு விழாவுக்குப் பிறகு எடுக்க மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். சந்தேகம் இருந்தால் கூகுளில் 'சைட்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். நோட்டில் ஏறியிருந்தால் பெரும்பாலும் பக்கங்கள் வரும். நம் வாசகரின் தளம் வந்தது. ஆகவே கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அந்த நோட்டு எப்படிப்பட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பேராவூரணிக்காரருக்கு மொய்யைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விருந்தில் மொய் எழுதும்போது வந்தவர் வரிசையில்தான் பெயர் ஏறும். ஆறு மாதம் கழித்துக் குருவிக்கரம்பையிலிருந்து ஒரு பத்திரிகை வருகிறது. அந்த வீட்டார் நமக்கு எவ்வளவு செய்தார்கள்? வந்த வரிசை நோட்டில் தேடினால் 900 பெயரையும் படித்தாக வேண்டும். அதனால் விவரமானவர்கள் விருந்து முடிந்த கையோடு ஊர்வாரியாகப் பிரித்து இன்னொரு நோட்டு எழுதி வைத்துவிடுவார்கள். குருவிக்கரம்பை என்ற தலைப்புக்குப் போனால் பத்துப் பதினைந்து பெயர். ஒரு பார்வையில் முடிந்தது. இப்போது கம்ப்யூட்டரே மொய் எழுதி ரசீதும் தருகிறது, பிரிக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

கூகுள் செய்வது இதேதான். ஒரு வெப் பக்கம், வந்த வரிசை நோட்டு மாதிரி: இந்தப் பக்கத்தில் இன்னின்ன சொற்கள். கூகுள் அதைத் தலைகீழாக்கி, இந்தச் சொல் இன்னின்ன பக்கங்களில் என்று எழுதிக்கொள்கிறது. தமிழில் இதற்குச் சொல்லடைவு என்ற நல்ல பெயர் ஏற்கெனவே உண்டு. கணினி மேசைக்கு வராத காலத்தில், 1967 முதல் 1970 வரை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளில் ஒரு சொல்லடைவு வெளியிட்டது. 1998-இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூகுளின் முதல் வடிவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அவர்களுடைய நோட்டில் 2 கோடியே 40 லட்சம் பக்கங்களும் 1 கோடியே 40 லட்சம் சொற்களும் இருந்தன.

இனி இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு சொல்லின் கீழும் பக்க எண்கள் ஏறுவரிசையில் இருக்கும். படிப்பகம் என்பதன் கீழே 4, 17, 21, 59, 88 என்றும், பேராவூரணி என்பதன் கீழே 9, 17, 33, 59, 60, 94 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது கை விரலை 4-லும் வலது கை விரலை 9-லும் வையுங்கள். விதி ஒன்றுதான்: சின்ன எண்ணில் இருக்கும் விரல் ஓர் அடி இறங்க வேண்டும். 4 சின்னது, இடது விரல் 17-க்கு இறங்குகிறது. இப்போது 9 சின்னது, வலது விரலும் 17-க்கு வருகிறது. இரண்டும் ஒன்று! எழுதிக்கொண்டு இரண்டு விரலையும் இறக்குங்கள்: 21, 33. இடது விரல் 59-க்கு, பிறகு வலது விரலும் 59-க்கு. இன்னொன்று கிடைத்தது. அப்புறம் 88, 60. வலது விரல் 94-க்குத் தாவுகிறது, இடது பட்டியல் தீர்ந்தது. விடை 17, 59.

எந்த விரலும் ஒருமுறைகூட மேலே ஏறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஏறுவரிசையில் எழுதி வைத்ததற்குக் கிடைத்த பரிசு அது. இணையத்தில் எத்தனை கோடிப் பக்கம் இருந்தாலும் விரல் நடக்கும் தூரம் இந்த இரண்டு பட்டியலின் நீளத்தைத் தாண்டாது. நீளமான பட்டியலில் பத்துப் பத்தாகத் தாண்டவும், பட்டியலைப் பல கணினிகளுக்குப் பங்கு போட்டுத் தரவும் வழிகள் உண்டு. அடிப்படை மட்டும் இந்த இரண்டு விரல்தான். முதன்முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று, சாப்பாட்டை மறந்து வெவ்வேறு பட்டியல்களுக்கு விரல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அகப்பட்ட பக்கங்களில் எது முதலில்? இங்கேதான் கேம்பிரிட்ஜில் இருந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் வருகிறார். வரலாறும் தத்துவமும் படித்தவர். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியை. 1972-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிய சொல்லுக்கு மதிப்பு அதிகம். மொத்தப் பக்கங்களை அந்தச் சொல் இருக்கும் பக்கங்களால் வகுத்து, விடைக்கு மடக்கை எடுக்க வேண்டும் (10, 100, 1,000 போன்ற எண்ணுக்கு, 1-க்குப் பின்னால் எத்தனை சுழியம் என்பதே மடக்கை). கணக்குக்காக நோட்டில் 10 லட்சம் பக்கம் என்று வைப்போம். 'இலவச' 1 லட்சம் பக்கத்தில் இருந்தால் வகுத்த விடை 10, மடக்கை 1. 'படிப்பகம்' 1,000 பக்கத்தில் இருந்தால் 3. 'பேராவூரணி' 100 பக்கத்தில் இருந்தால் 4. அதாவது ஊர்ப் பெயர் ஒன்றுக்கு இருக்கும் எடை நான்கு 'இலவச'த்துக்குச் சமம். இலவசம் இலவசம் என்று ஐம்பது தடவை எழுதித் தள்ளினால் ஜெயிக்கலாமே என்றால், அதற்கும் பின்னால் வந்தவர்கள் கடிவாளம் போட்டுவிட்டார்கள். முதல் தடவைக்கு நல்ல மதிப்பு, இரண்டாவதற்குக் குறைவு, பத்தாவதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நாலாவது லட்டு மாதிரி.

உலகம் முழுக்கத் தேடல் கருவிகளுக்குள் இந்த யோசனை ஏதோ ஒரு வடிவத்தில் ஓடுகிறது. அதைத் தந்தவர் பல பத்தாண்டுகள் ஒரு திட்ட நிதி முடிந்தால் அடுத்த திட்ட நிதி என்று காலம் தள்ளினார். பேராசிரியர் பதவி 1999-இல்தான் கிடைத்தது. பேஜும் பிரின்னும் வேலை செய்த ஸ்டான்ஃபோர்டு மின்னூலகத் திட்டத்துக்குப் பணம் போட்டது அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம், அதாவது வரிப்பணம். உடனடிப் பயன் என்ன என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கிற நம் ஊர் நிதிக்குழு எதிலாவது இந்த இரண்டு விண்ணப்பமும் தேறியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

படிப்பகத்துக்கு வருவோம். அவர்களுடைய எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'முகப்பு'. எத்தனையோ தமிழ்த் தளங்களில் இருக்கிற சொல் அது. எடை என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. முதல் வரி 'தங்களை அன்புடன் வரவேற்கிறோம்'. அதுவும் அப்படியே. ஊர்ப் பெயரும் டியூஷன் நேரமும் ஒரு வண்ண நோட்டீஸில் அழகாக இருந்தன, ஆனால் அந்த நோட்டீஸ் ஒரு படம். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கக் கூகுளுக்குக் கொஞ்சம் தெரியும்தான். இருந்தும் முக்கியமான செய்தியைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்பதுதான் அவர்களே தரும் அறிவுரை.

அதைவிட வேடிக்கை ஆண்டறிக்கை. அது பி.டி.எஃப். கோப்பு, டி.டி.பி. சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தின் மிச்சம் இந்தப் பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். கூகுள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டால், யாராவது ஜே-கே-பி-ஓ-அரைப்புள்ளி என்று தேடினால்தான் உங்கள் அறிக்கை அகப்படும். சோதிப்பது சுலபம்: கோப்பிலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் பிழைத்தீர்கள்.

யூனிகோடிலும் தமிழ் சும்மா விடுவதில்லை. 'படிப்பகம்' ஒரு சொல். படிப்பகத்தில், படிப்பகத்துக்கு, படிப்பகத்தின் என்று உருபு ஏற ஏற வேறு வேறு எழுத்துக்கோவை. போதாததற்கு ஒற்று மிகும்: 'படிப்பகத்துக்குப் போனான்' என்பதில் வரும் 'ப்' வரைக்கும் சேர்ந்தால் அது இன்னொரு கோவை. விகுதியை வெட்டி வேர் காணும் நிரல்கள் உண்டு, ஆங்கிலத்துக்கு 1980-லேயே மார்ட்டின் போர்ட்டர் ஒன்று எழுதிவிட்டார். தமிழுக்கு அந்த வேலை பல மடங்கு கடினம். அதனால் நிரலின் கெட்டிக்காரத்தனத்தை நம்பி இருக்காமல், தலைப்பில் ஊர்ப் பெயரையும் 'படிப்பகம்' என்பதையும் உருபு ஏறாமல் ஒரு தடவை எழுதிவிடுங்கள். நூலகம், லைப்ரரி, டியூஷன் என்று மக்கள் வாயில் வரும் சொற்களும் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும். ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்திலும் இருக்கட்டும், பாதிப் பேர் போனில் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

ஆங்கில எழுத்து என்றதும் ஒரு நினைவு. எனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளை, எண்கணித ஜோதிடர் பேச்சைக் கேட்டுத் தன் ஆங்கிலப் பெயரில் ஓர் 'ஏ'யும் இரண்டு 'ஈ'யும் கூட்டிக்கொண்டது. வெப்சைட் முகவரியும் அப்படியே. உலகத்தில் வேறு யாரும் அந்த ஸ்பெல்லிங்கில் அடிக்க மாட்டார்கள் என்பதால், அரிய சொல்லுக்கு எடை அதிகம் என்ற விதிப்படி அந்தப் பெயருக்கு மலையளவு மதிப்பு. தேடத்தான் ஆளில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிற தளங்களிலிருந்து வரும் சுட்டிகளுக்கு மதிப்பு உண்டு. கூகுளை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியதே அந்தக் கணக்குத்தான். ஊர்ப் பள்ளியின் தளமோ உள்ளூர்ச் செய்தித் தளமோ உங்களைச் சுட்டினால், காசு கொடுத்து வாங்கும் நூறு சுட்டிகளைவிட நல்லது. 'கீவேர்டு மெட்டா' (பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் சொல் பட்டியல்) என்று யாராவது பணம் கேட்டால், வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டதைச் சொல்லுங்கள். பதிவு பெற்ற, தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் வரை கூகுள் தேடல் விளம்பரம் இலவசமாகத் தருகிறது. நாலு கிராமத்துக்குள் இயங்கும் ஒரு படிப்பகம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று எனக்குப் புரியவில்லை. அதைவிடக் கூகுள் மேப்பில் இலவசமாக இடத்தைப் பதிவு செய்வது முதல் வேலை. உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தில் உங்களை வெல்ல சென்னைக்காரரால் முடியாது.

வாசகர் 15,000-ஐக் கொடுக்கவில்லை. சுழலும் படங்களைத் தூக்கிவிட்டு, நோட்டீஸைத் தட்டச்சு செய்து, தலைப்பை மாற்றினார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதினார். இப்போது தேடினால் வருகிறதாம். ஒரு பையனுடைய அம்மா கூகுளில் பார்த்துவிட்டு டியூஷன் பற்றிக் கேட்கப் போனும் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தது பழைய செயலாளரின் எண்; அவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது.