ரன்னிங் பேக்: புறமுதுகு காட்டாத ஓட்டம்

சில மாதங்களுக்கு முன் ஒரு விளையாட்டுக் கட்டுரையின் தமிழாக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து பற்றியது. இரண்டாம் பத்தியிலேயே 'பின்னோக்கி ஓடும் வீரரான மார்ஷல் ஃபால்க்' என்று இருந்தது. அந்த ஆட்டத்தின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரைப் புறமுதுகிட்டு ஓடியவராக்கியிருந்தார் மொழிபெயர்ப்பாளர். சிரித்துக்கொண்டே அந்தச் சொற்களை அடித்தேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று பார்த்தால் எனக்கும் ஒன்றும் வரவில்லை.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. கிரிக்கெட் வர்ணனையில் 'ரன்னிங் பேக்' என்று காதில் விழுந்தால், தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடி ஃபீல்டர் பின்னால் ஓடுகிறார் என்றுதான் பொருள். சொற்கள் அதே இரண்டு. ஆனால் அங்கே 'பேக்' வினையடை, இங்கே பெயர்ச்சொல். 'ரன்னிங்' என்ற அடைமொழியோடு வரும் ஓர் ஆள்தான் 'பேக்'. அவர் ஓடுவதெல்லாம் முன்னால்.

சரி, யார் அந்த பேக்?

பழைய ஆங்கிலத்தில் அது முதுகைக் குறித்த சொல். முதுகு பின்னால் இருப்பதால் பின்புறத்துக்கு ஆகிவந்தது. ரக்பி ஆட்டத்தில் பின்னால் நிற்கிற ஆளுக்கே பெயராகிவிட்டது. ரக்பியில் முன்வரிசையில் தோளோடு தோள் முட்டுபவர்கள் ஃபார்வர்டுகள். அவர்களுக்குப் பின்னால் பரவி நிற்பவர்கள் பேக்குகள். எவ்வளவு பின்னால் என்பதைப் பின்னக் கணக்கில் சொன்னார்கள். பாதித் தூரத்தில் நிற்பவர் ஹாஃப் பேக், அவருக்கும் பின்னால் த்ரீ குவார்ட்டர், எல்லோருக்கும் கடைசியில் ஃபுல் பேக். நம் வாய்பாட்டில் வருகிற அரை, முக்கால், முழு மாதிரியேதான்.

இதை அமெரிக்காவில் மாற்றி அமைத்ததில் பெரும்பங்கு யேல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேம்ப்புக்கு. 1880இல் அவர் சொல்லி ஒரு பக்கத்துக்கு 15 பேர் என்பது 11 ஆனது. இரண்டு அணியும் குவிந்து பந்துக்கு மல்லுக்கட்டும் முறை போய், பந்து ஓர் அணியின் கையில் இருக்க, இரண்டு அணிகளும் எதிரெதிரே கோடு கட்டி நிற்கும் முறை வந்தது. கோட்டிலிருந்து பந்தை முதலில் வாங்குபவர் குவார்ட்டர் பேக். அவருக்குப் பின்னால் இரண்டு ஹாஃப் பேக், கடைசியில் ஒரு ஃபுல் பேக். இதை அப்படியே தமிழாக்கினால் 'கால் பின்வரிசையர்' என்று வரும். கால்பந்தில் கால் என்றால் நாலில் ஒன்று என்று யாருக்குத் தோன்றும்? அதனால்தான் குவார்ட்டர் பேக்கை நான் தொடுவதில்லை. இன்னொரு வேடிக்கை: இன்றைய ஆட்டத்தில் ஃபுல் பேக் பெரும்பாலும் ஓட்டக்காரருக்கு முன்னால் நிற்கிறார். முழுத் தூரம் என்ற பெயரோடு பாதித் தூரத்தில்.

அந்தக் கோட்டுக்கும் ஒரு சொல் உண்டு, 'ஸ்கிரிமேஜ்'. சிறு சண்டை என்று பொருள்படும் 'ஸ்கர்மிஷ்' என்ற சொல் உருமாறி வந்தது. அதனால் 'கைகலப்புக் கோடு' என்று தயங்காமல் எழுதலாம். அங்கே நடப்பதும் அதுதான். 1882இல் இன்னொரு விதி வந்தது: மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. இப்போது நான்கு முயற்சி, பத்து கெஜம்.

'கெஜம்' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். சிலர் 'யார்டு' என்றே எழுதுகிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்து துணிக்கடையில் குடியேறிய 'கெஜம்' இருக்கும்போது அது எதற்கு? மூன்றடிதான் இரண்டும். மடிசாருக்கு ஒன்பது கெஜம், நான்கு முயற்சிக்குப் பத்து கெஜம். கணக்கு உடனே கண்ணில் நிற்கிறது.

இனி 'ரன்னிங்'. ஆரம்பத்தில் இந்த அடைமொழி தேவைப்படவே இல்லை. பந்தை முன்னோக்கி எறிவதே 1906 வரை விதிப்படி கூடாது. பின்வரிசையில் நின்றவர் எல்லோரும் ஓடத்தான் வேண்டும். எறிதல் அனுமதிக்கப்பட்டு, அதுவே வழக்கமாகி, ஹாஃப் பேக் இருவரில் ஒருவரை ஓரமாகக் கொண்டுபோய்ப் பந்து பிடிக்க நிறுத்திய பிறகுதான், மிச்சமிருந்தவரை 'ஓடுகிற பேக்' என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. எறிகிறவர் ஒருவர், பிடிக்கிறவர் சிலர், ஓடுகிறவர் ஒருவர் என்று வேலை பிரிந்தபோது ஒட்டிக்கொண்ட அடைமொழி இது.

அந்தப் பிரிவினை ஃபால்க்கிடம் செல்லவில்லை. எனக்குத் தமிழ்ச் சொல் வராமல் போனதற்கும் அவர்தான் காரணம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1973இல் பிறந்தவர். வளர்ந்தது 'டிசையர்' என்ற அரசுக் குடியிருப்பில். பெயர்தான் ஆசை, வறுமைக்குப் பேர்போன இடம். பையனாக இருந்தபோது அந்த ஊரின் பெரிய மூடிய மைதானமான சூப்பர்டோமில் பாப்கார்ன் விற்றிருக்கிறார். பெரிய கல்லூரிகள் பல அவரைத் தற்காப்பு ஆட்டக்காரராகத்தான் கேட்டன. பந்தோடு ஓட விடுகிறோம் என்று சொன்ன சான் டியேகோ ஸ்டேட்டுக்குப் போனார். 1991இல், முதலாண்டு மாணவராக, தன் இரண்டாவது ஆட்டத்தில், முதல் ஆள் அடிபட்டு வெளியேற உள்ளே இறங்கினார். பசிஃபிக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம் அது. 37 முறை பந்தை வாங்கி 386 கெஜம் ஓடினார், ஏழு டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது). கல்லூரி ஆட்டத்தில் அன்றைக்கு அதுதான் சாதனை.

இதுவரை 'ஓட்டக்காரர்' என்ற பெயருக்கு ஒரு குறையும் இல்லை. 1994இல், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வரிசையில், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. முதல் பருவத்திலேயே 1,282 கெஜம். அதற்கப்புறம்தான் கணக்கு மாறுகிறது. 1998இல் ஓடி எடுத்தது 1,319 கெஜம், பந்தைப் பிடித்து எடுத்தது 908. அப்படிப்பட்டவரை 1999இல் கோல்ட்ஸ், இரண்டாம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு ஈடாகச் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்தது அடிமாட்டு விலைக்கு என்று ஒரே வருடத்தில் தெரிந்துபோனது.

ராம்ஸில் அந்த 1999 பருவத்தில் ஓட்டம் 1,381 கெஜம், பிடிப்பு 1,048 கெஜம். ஒரே பருவத்தில் இரண்டிலும் ஆயிரத்தைத் தாண்டுவது எவ்வளவு அரிது என்றால், அவருக்கு முன் செய்தவர் ஒருவர்தான், 1985இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ராஜர் கிரெய்க். பின்னால் 2019இல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி சேர்ந்துகொண்டார். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌல், அதாவது இறுதிப் போட்டி, 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில் நடந்தது. ராம்ஸ் 23–16 என்று டென்னஸியை வென்றது. அன்றைக்கு நம் 'ஓட்டக்காரர்' பத்து முறை பந்தோடு ஓடி எடுத்தது வெறும் 17 கெஜம். ஐந்து முறை பிடித்து எடுத்தது 90.

பெயரில் ஓட்டம், கையில் பிடிப்பு. 'ஓடும் வீரர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே இந்த எண்களை எப்படி எழுதுவது?

அவர் செய்த மூன்றாவது வேலை எண்களிலேயே வராது. பந்தை எறிகிற குவார்ட்டர் பேக்கைச் சாய்க்க எதிரணி ஆள் பாய்ந்து வரும்போது, யார் எந்தப் பக்கமிருந்து வரப்போகிறார் என்று முன்கூட்டியே படித்து, நடுவில் போய் மறிக்க வேண்டும். இந்த மறிப்பு தெரியாத ஓட்டக்காரர்களை மூன்றாவது முயற்சியில் வெளியே கூப்பிட்டுவிடுவது வழக்கம். அந்த முயற்சி பெரும்பாலும் எறிவதற்கானது. அப்போதும் களத்திலேயே நிற்பவருக்கு 'த்ரீ டவுன் பேக்' என்று பெயர்; டவுன் என்றால் முயற்சி. ஃபால்க் அப்படி நின்றவர்.

நான்காவது வேலை இன்னும் விசித்திரமானது: பந்து இல்லாமல் சும்மா ஓடி எதிரணியை ஏமாற்றுவது. 2002 பிப்ரவரியில் ராம்ஸ் மறுபடி சூப்பர் பௌலுக்குப் போனது, எதிரே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். நடந்த இடம் நியூ ஆர்லியன்ஸ், அவர் பாப்கார்ன் விற்ற அதே சூப்பர்டோம். பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசெக் குறிவைத்தது குவார்ட்டர் பேக் கர்ட் வார்னரை அல்ல, ஃபால்க்கை. பந்து அவரிடம் இருக்கிறதோ இல்லையோ, கோட்டைத் தாண்டி அவர் வெளியே வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவரை இடிக்க வேண்டும். அவர் ஓடும் நேரக் கணக்கு தவறினால் ராம்ஸின் எறிதலே தடுமாறிப்போகும் என்பது கணக்கு. பலித்தது. கடைசி நொடியில் உதைத்த 48 கெஜ உதையில் பேட்ரியட்ஸ் 20–17 என்று வென்றது. பந்து கையில் இல்லாதவருக்கு இவ்வளவு இடி விழுந்தால், அவர் வேலையை 'ஓட்டம்' என்ற ஒரு சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000இல் 26 டச்டவுன், அந்தப் பருவத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. 1998 முதல் 2001 வரை நான்கு பருவமும் தொடர்ந்து, ஓட்டமும் பிடிப்பும் சேர்த்து 2,000 கெஜத்துக்கு மேல். கடைசியாக ஆடியது 2005இல். 2011இல் ஒஹாயோவின் கேன்டனில் உள்ள புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். மொத்தம் ஓடியது 12,279 கெஜம், பிடித்தது 6,875. ஓட்டத்தில் பன்னிரண்டாயிரத்தையும் பிடிப்பில் ஆறாயிரத்தையும் கடந்தவர் அவர் ஒருவரே. கூட்டினால் 19,154 கெஜம், அதாவது பதினேழரைக் கிலோமீட்டர். காலையில் நடந்தே போய்ச் சேரலாம். அவருக்குப் பன்னிரண்டு பருவங்களும் இரண்டு முழங்கால்களும் செலவாயின. (மடிசார் கணக்கில் 2,128 புடவை. போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.)

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம்.

'பின்கள வீரர்' என்று சிலர் எழுதுகிறார்கள். சங்கடம் என்னவென்றால், உலகக் கோப்பைக் கால்பந்துச் செய்திகளில் அந்தச் சொல் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவருக்குப் போய்விட்டது. தாக்குகிற ஆளுக்குத் தடுக்கிறவர் பெயரை வைத்தால் படிப்பவர் குழம்புவார்.

படையணியிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றியது. பழந்தமிழில் படையின் முன்பகுதி தார், பின்பகுதி கூழை. சங்கப் பாட்டிலேயே இரண்டும் சேர்ந்து வருகின்றன. பேக் என்பதற்கு இவ்வளவு பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்றைக்குக் கூழை என்றால் கூழைக் கும்பிடும் கூழைக்கடாவும்தான் நினைவுக்கு வரும். 'கூழையர் ஃபால்க்' என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

'பின்னணி' இன்னும் ஆசை காட்டியது. பின் + அணி, பின்னால் நிற்கும் வரிசை. எழுத்துக்கு எழுத்து அதேதான். என்ன செய்வது, சினிமா அதை எடுத்துக்கொண்டு போய் எத்தனையோ வருடம் ஆகிறது. 'பின்னணி ஓட்டக்காரர்' என்றால், ஹீரோவுக்குப் பதிலாக ஓடிக் கொடுப்பவரா என்று கேட்பார்கள்.

வெறும் 'ஓட்டக்காரர்' என்றால் தடகளம் நினைவுக்கு வருகிறது. 'ஓட்டம்' என்றால் இன்னொரு சிக்கல், இலங்கைப் பத்திரிகைகளில் கிரிக்கெட் ரன் என்பதே ஓட்டம்தான். '12,279 ஓட்டங்கள்' என்று எழுதினால் ஃபால்க் டெஸ்ட் வீரராகிவிடுவார். எண்ணோடு 'கெஜம்' கட்டாயம் வர வேண்டும்.

கடைசியில் 'பின்வரிசை ஓட்டக்காரர்' என்பதில் வந்து நின்றேன். புதுச் சொல் ஒன்றும் இல்லை; ஒரு முறை படித்தால் புரிகிறது, தடகளத்தோடும் கோல் தடுப்பவரோடும் கலக்கவில்லை. முதல் தடவை 'ரன்னிங் பேக் எனப்படும் பின்வரிசை ஓட்டக்காரர்' என்று சேர்த்து எழுதி, பிறகு தமிழை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 17 கெஜம் ஓடி 90 கெஜம் பிடித்தவருக்கு இது பொருந்துமா என்ற கேள்வி இருக்கத்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அதே கேள்வி இருந்தது, அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இது பதவிப் பெயர். கணக்குப்பிள்ளை கணக்கு மட்டுமா எழுதினார்? கனமெல்லாம் 'பின்வரிசை'யில் இருக்கிறது. ஓடுவது, பிடிப்பது, மறிப்பது, சும்மா ஓடி ஏமாற்றுவது எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. நான்கையும் செய்பவரைத் தனியே சொல்ல வேண்டுமென்றால் கிரிக்கெட்டிலிருந்து 'ஆல்ரவுண்டர்' கையிலேயே இருக்கிறது. அதற்கும் தமிழ் வேண்டும் என்பவர்கள் 'பல்திறன்' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை.

அந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'ராம்ஸ் அணியின் பின்வரிசை ஓட்டக்காரர் மார்ஷல் ஃபால்க், 1999 பருவத்தில் பந்தோடு ஓடி 1,381 கெஜமும், பந்தைப் பிடித்து 1,048 கெஜமும் முன்னேறினார்.'