மொட்டைமாடி ஹோர்டிங்கும் 30 கிலோ வாதமும்

மாடியின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அங்கே நிறுத்தும் ஹோர்டிங்குக்கு, அதாவது பெரிய விளம்பரப் பலகைக்கு, உறுதிச் சான்றிதழ் இன்றைக்கே வேண்டும் என்று பொறியாளரான என்னிடம் கேட்கிறார்கள். கட்டடத்தைப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்றால் எல்லாக் கட்டட உரிமையாளர்களிடமிருந்தும் ஒரே பதில்: "பிளெக்ஸ் துணிதானே சார், மொத்தமே 30 கிலோ."

துணி 30 கிலோதான், மறுக்கவில்லை. ஹோர்டிங்கைச் சாய்ப்பது எடையல்ல, பரப்பு. 40க்கு 20 அடி என்றால் ஏறத்தாழ 74 சதுர மீட்டர். சென்னைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 150 கிலோ விசையோடு தள்ளும். பெருக்கிப் பாருங்கள், 11 டன்! அத்தனையையும் அந்த 30 கிலோ துணி வாங்கி, உங்கள் கைப்பிடிச் சுவரின் நாலரை அங்குலச் செங்கலில் இறக்குகிறது. கனமான இரும்பு ஆங்கிள் போட்டிருக்கிறோம் என்பார்கள். நல்லது, இரும்புச் சட்டம் வளையாது. சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

ஆங்கிலத்தில் பதுக்கலுக்கும் ஹோர்டிங் என்றே பெயர் என்பதால், இந்தச் சொல்லை அதோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. தொடர்பே இல்லை. மர அரணைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் அதன் மூலம். பிரிட்டனில் கட்டுமான இடத்தைச் சுற்றி அடிக்கும் தற்காலிகப் பலகை வேலிக்கு இன்றும் அதுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டில் அந்த வேலிகளில் சுவரொட்டிகளை ஒட்டி ஒட்டி, விளம்பரப் பலகைக்கும் அந்தப் பெயரே வந்தது. தரையில் நின்ற வேலியை நாம் மூன்றாம் மாடிக்கு ஏற்றியிருக்கிறோம்.

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று பெட்ரோல் பங்க் மீது விழுந்து 17 பேரைப் பலிகொண்ட பலகை, மாநகராட்சி அனுமதிக்கும் 40க்கு 40 அடியைவிடப் பல மடங்கு பெரியது. கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் 2023 ஜூனில் பலகை சரிந்து இறந்த மூவரோ, அதைப் பொருத்த வந்த தொழிலாளர்கள்.

வாடகை பேசும் முன் பொறியாளரை மாடிக்கு அழையுங்கள். சட்டத்தின் கால்கள் கட்டடத் தூண்களின் மேல் அமர வேண்டும். கைப்பிடிச் சுவரில் கூடவே கூடாது. மழைக்காலத்துக்கு முன் கால்களின் அடியில் உள்ள இரும்புத் தகட்டையும் போல்ட்டுகளையும் தட்டிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், மேலே பெயின்ட் அடித்து ஒப்பேற்றாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் துணியை அவிழ்த்துவிடுங்கள். வெறும் சட்டத்தின் ஊடே காற்று போய்விடும். விளம்பரதாரர் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

சாலையில் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கோடை மழைக்கு முன் காற்று கிளம்பும்போது, ஒதுங்க இடம் தேடி ஹோர்டிங்குக்குக் கீழே மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.