சீஃப் கான்ஸ்டபிள்: சொல் விளக்கம்

எசெக்ஸ், வில்ட்ஷயர் என்று இங்கிலாந்தின் ஏதாவது ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) காவல்படை செய்தியில் அடிபட்டால், 'சீஃப் கான்ஸ்டபிள்' என்ற பதவியும் கூடவே வரும். அதை அப்படியே 'தலைமைக் காவலர்' என்று தமிழில் எழுதிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் தலைமைக் காவலர் என்றால் ஹெட் கான்ஸ்டபிள். உதவி ஆய்வாளருக்கும் கீழே இருப்பவர். சீஃப் கான்ஸ்டபிளோ அந்தக் காவல்படை முழுவதற்கும் தலைவர். அவருக்கு மேலே உத்தரவு போடச் சீருடைக்காரர் யாரும் கிடையாது.

கான்ஸ்டபிள் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது: 'கோமெஸ் ஸ்டபுலி'. கோமெஸ் என்றால் அரசருக்கு அருகில் இருக்கும் பிரபு, ஸ்டபுலி என்றால் லாயத்தின். ஆக, பிற்கால ரோமப் பேரரசில் அரசரின் குதிரை லாயத்துக்குப் பொறுப்பானவர். இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக, நார்மன்களோடு இங்கிலாந்துக்கு வந்தது. பிரான்சில் அது படைத்தலைவர் பதவியாக உயர்ந்தது. இங்கிலாந்தில் கிராமம் வரை இறங்கியது. 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டத்திலேயே வட்டாரக் கான்ஸ்டபிள்கள் உண்டு. ஒரு வியப்பு: 'கவுண்டி' என்ற சொல்லும் அதே கோமெஸிலிருந்து கிளைத்ததுதான்.

அப்புறம் பல நூற்றாண்டுகள், ஊர்க்காரர் ஒருவரே பெரும்பாலும் சம்பளமில்லாமல் கான்ஸ்டபிள் வேலை பார்த்தார். 1839இல் வந்த சட்டம்தான் கவுண்டி நீதிபதிகள் சம்பளக் காவல்படை அமைக்கவும், அதற்கு ஒரு சீஃப் கான்ஸ்டபிளை நியமிக்கவும் வழிசெய்தது. வில்ட்ஷயர் அந்த ஆண்டே முந்திக்கொண்டது. எசெக்ஸ் 1840இல் தொடங்கி, கடற்படை அதிகாரி ஜான் மெக்ஹார்டியைத் தலைவராக்கியது. அவர் 1881 வரை, 41 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்! படையின் பழக்கவழக்கங்களை ஒரே மனிதர் வார்த்தெடுக்க அது போதுமான காலம். 1856இல் எல்லாக் கவுண்டிகளுக்கும் காவல்படை கட்டாயமானது. லங்காஷயரின் பாலின் கிளேர் 1995இல்தான் முதல் பெண் சீஃப் கான்ஸ்டபிள் ஆனார். மிகத் தாமதம் என்றே சொல்வேன்.

இவ்வளவு பெரிய பதவிக்கு ஏன் 'கான்ஸ்டபிள்' என்ற பெயர்? நேற்றுச் சேர்ந்தவர் முதல் தலைவர் வரை அங்கே எல்லாக் காவல் அதிகாரிகளும் சட்டப்படி கான்ஸ்டபிள்களே. உறுதிமொழி எடுத்ததும் கைது செய்யும் அதிகாரம் அவரவருக்கே வந்துவிடும். 2012 முதல், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர் (இவர் காவல் அதிகாரி அல்ல) சீஃப் கான்ஸ்டபிளை நியமிக்கலாம், நீக்கலாம். ஆனால் இன்னாரைக் கைது செய் என்று சொல்ல முடியாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'காவல் கண்காணிப்பாளர்' பொருந்தாது, அவருக்கு மேலே பலர் உண்டு. 'காவல்துறைத் தலைவர்' தமிழ்நாட்டில் ஐ.ஜி.யைக் குறிக்கிறது. படையின் பெயரை முன்னால் வைத்து 'எசெக்ஸ் காவல்படைத் தலைவர்' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்று கவுண்டிகளைச் சேர்த்துப் பார்க்கும் தேம்ஸ் வேலி போன்ற படைக்கும் இது ஒத்துவரும். லண்டன் மாநகரக் காவல்துறைக்கு இது வேண்டாம். அங்கே தலைவரின் பதவிப் பெயரே கமிஷனர், அதாவது ஆணையர்.