சவுண்டு கார்டு வாங்குவதற்கு முன் ரிசீவரின் முகப்பைப் பாருங்கள்

"தம்பி, பாட்டு இடி மாதிரி விழுது. பேசறது மட்டும் கிணத்துக்குள்ளேருந்து வருது."

போனில் இப்படிச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். படம் பார்க்கவென்றே டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். கூடவே ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் 5.1 ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். குறை எதுவும் சொல்ல முடியாத சாமான்கள். வசனம் கேட்கவில்லை என்று கடையில் போய்ச் சொல்ல, ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு சவுண்டு கார்டைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். மாட்டிய பிறகும் கிணறு கிணறாகவே இருந்தது.

ஹோம் தியேட்டர் வேலைக்குப் போகும் இடங்களில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். புதுக் கார்டு வாங்கி இது தீர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருக்கும் எச்டிஎம்ஐ வாய்க்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு சவுண்டு கார்டு உட்கார்ந்திருக்கிறது. கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே அது இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எட்டு சேனல், அதாவது எட்டு ஸ்பீக்கருக்குத் தனித்தனியான ஒலியைக் குறைக்காமல், கூட்டாமல் அனுப்ப அது போதும்.

தனிக் கார்டு உண்மையிலேயே தேவைப்பட்ட காலமும் உண்டு. 2008, 2009 வாக்கில் ப்ளூரே டிஸ்க்கின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்ற உயர்தர ஒலி வகைகளை அப்படியே ரிசீவருக்கு அனுப்ப கிராபிக்ஸ் கார்டுகளால் முடியவில்லை. அதற்காகவே ஏசுஸ் நிறுவனம் சோனார் எச்டிஏவி 1.3 என்று ஒரு கார்டு விட்டது. கிராபிக்ஸ் கார்டிலிருந்து படத்தை ஒரு கேபிளில் வாங்கி, ஒலியைச் சேர்த்து, இன்னொரு கேபிளில் வெளியே அனுப்பும். 2009 செப்டம்பரில் இந்த ஒலியைத் தானே அனுப்பும் ரேடியான் எச்டி 5000 கிராபிக்ஸ் கார்டு வரிசை வந்தது. அடுத்த வருடம் இன்டெலும் என்விடியாவும் அதே வசதியைக் கொடுத்தன. சோனாரின் வேலை அதோடு முடிந்தது. ஆனாலும் 'ஹோம் தியேட்டர் என்றால் தனி சவுண்டு கார்டு வேண்டும்' என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

சரி, ஆசிரியர் வீட்டுக்கு வருவோம். போனதும் நான் முதலில் பார்ப்பது ரிசீவரின் முகப்பைத்தான். என்ன ஒலி உள்ளே வருகிறது என்று அதுவே எழுத்தில் காட்டிவிடும். அவருடையதில் 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று எரிந்தது, அதுவும் இரண்டு சேனல். வசனம் வரவேண்டிய சென்டர் ஸ்பீக்கர் சும்மா உட்கார்ந்திருந்தது. காரணம், புதுக் கார்டிலிருந்து ரிசீவருக்குப் போனது ஆப்டிகல் கேபிள். அது 2 சேனல் பிசிஎம்மைத் தூக்கும். இல்லையென்றால் சுருக்கிய டால்பி டிஜிட்டலையோ டிடிஎஸ்ஸையோ 5.1 ஆகத் தூக்கும். ப்ளேயரே 5.1 ஒலியைப் பிரித்துக் கொடுத்தால் அத்தனை சேனலும் அந்த ஒயரில் போகாது. எல்லாவற்றையும் இடது, வலது என்று இரண்டாகக் கலந்துவிடுவார்கள். வசனம் இசைக்குள் மூழ்குவது அங்கேதான்.

எச்டிஎம்ஐ இல்லாமல் இல்லை. ஆனால் அது கம்ப்யூட்டரிலிருந்து நேராக டிவிக்குப் போயிருந்தது. கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் எதிர்முனையைப் பார்த்து, "நீ யார்? உனக்கு என்னென்ன ஒலி கேட்கும்?" என்று விசாரிக்கும். எதிர்முனை தன் ஜாதகத்தைக் கொடுக்கும். ஈடிஐடி என்பது இந்த ஜாதகம்தான். பெரும்பாலான டிவிகள் 'இரண்டு சேனல்' என்பதை முதலில் எழுதிக் கொடுக்கும். ரிசீவர் பக்கத்திலேயே இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. டிவியிலிருந்து ஆர்க் வழியாக, அதாவது எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதியில், ரிசீவருக்குக் கொண்டுபோனாலும் ஆப்டிகல் கதையை விட ஒரு படிதான் மேல். அதன் புது வடிவமான ஈ-ஆர்க் இருந்தால் மட்டும் ட்ரூஎச்டி போன்றவை அந்த வழியில் முழுசாகப் போகும்.

ஆக, கம்ப்யூட்டரிலிருந்து ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டிவிக்கு. ஒரு கேபிளை மாற்றிச் செருகும் வேலை. கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டேன். சுர்ரென்றது.

"அது எப்பவும் அப்படித்தான் தம்பி, லேசாத்தான் இருக்கும்" என்றார் ஆசிரியர் வீட்டு அம்மா.

டெஸ்டரை பெட்டியில் வைத்தால் எரிகிறது. சுவிட்ச் போர்டில் மூன்று ஓட்டை இருக்கிறது. எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்ட ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று, நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று என்று சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பாடி முழுக்க 230இல் பாதி, சுமார் 115 வோல்ட் மிதக்கும். கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் ஆளுக்குச் சுர்ரென்பதோடு போய்விடுகிறது. எச்டிஎம்ஐ வாய்க்கு அப்படியில்லை. அதன் கால்களுக்குப் பழக்கமானது அதிகபட்சம் 5 வோல்ட். மெயின் ஓடும்போது கேபிளைச் செருகினால் அந்த முதல் தொடுதலிலேயே ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டு போகலாம். அப்படிப் போன போர்டுகளை மாற்றியிருக்கிறேன். பில்லைப் பார்த்து முகம் சுருங்காத வாடிக்கையாளர் இல்லை. ஆப்டிகலில் வெளிச்சம் மட்டுமே போவதால் இத்தனை நாள் ஆசிரியரின் ரிசீவர் தப்பித்திருந்தது.

அன்று கேபிளை மாற்றாமலேயே கிளம்பினேன். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்த பிறகு, இரண்டு நாள் கழித்துப் போனேன். டிவி, ரிசீவர், கம்ப்யூட்டர் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, எச்டிஎம்ஐயைச் செருகிய பின்தான் கரண்ட். மழைக்காலத்தில் இடி இடித்தால் டிஷ், கேபிள் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். செட்டாப் பாக்ஸ் வழியாக ரிசீவருக்கு வந்த இடியையும் பார்த்திருக்கிறேன்.

மீதி கால் மணி நேர வேலை. விண்டோஸ் ஒலி அமைப்பில் ரிசீவரின் பெயர் வந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து 5.1 என்று வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சோதித்துக்கொள்ளலாம். ரிசீவர் அணைந்திருந்தால் அந்தப் பெயரே காணாமல் போகலாம், பயப்பட வேண்டாம். படம் ஓட்டும் 'கோடி' மென்பொருளில் ஒலிப் பகுதிக்குப் போய், ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பாஸ்த்ரூவைத் திறந்து, ரிசீவர் புரிந்துகொள்ளும் வகைகளை மட்டும் டிக் செய்தேன். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி வகை) உள்ளவர்களுக்கு பாஸ்த்ரூ கட்டாயம். கம்ப்யூட்டரே பிரித்தால் அட்மாஸ் தகவல் போய்விடும். மற்றவர்கள் கம்ப்யூட்டரைப் பிரிக்கவிட்டு, பல சேனல் பிசிஎம்மாக எச்டிஎம்ஐயில் அனுப்பினாலும் தரம் குறையாது. பாஸ்த்ரூ போட்டபின் கம்ப்யூட்டரில் வால்யூம் வேலை செய்யவில்லை என்று போன் செய்யாதீர்கள். இனி அது ரிசீவர் ரிமோட்டின் வேலை.

பழைய ரிசீவர், புது 4கே டிவி என்றால் மட்டும் கொஞ்சம் சிக்கல். ரிசீவர் வழியாக 4கே போகாது. அப்போது டிவிக்கு ஒரு கேபிள், ஒலிக்காக ரிசீவருக்கு இன்னொன்று. எச்டிஎம்ஐயில் ஒலி தனிக் கம்பியில் போவதில்லை; படத்தின் வரிகளுக்கு நடுவே விழும் இடைவெளிகளில் ஏறிப் போகிறது. படம் போகாவிட்டால் ஒலியும் இல்லை. அதனால் விண்டோஸ் ரிசீவரையும் ஒரு திரையாக நினைத்துக்கொள்ளும், மவுஸ் அடிக்கடி அந்த இல்லாத திரைக்குள் போய்த் தொலைந்துபோகும். அந்தத் திரையை மூலையில் லேசாக ஒட்டிக்கொள்ளும்படி நகர்த்தி வைத்தால் தொல்லை குறையும்.

ஆசிரியர் வீட்டில் முகப்பில் 'ட்ரூஎச்டி' என்று எரிந்தது. சென்டர் ஸ்பீக்கர் பேச ஆரம்பித்ததும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சத்தத்தைக் குறைங்க" என்றார்.

சவுண்டு கார்டைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆன்லைனில் பாட்டு கற்றுக்கொள்ளும் பேத்தியின் கம்ப்யூட்டரில் மைக்கோடு சேர்த்து மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.