நாய் உறுமினால் அடிக்காதீர்கள்

"அதுபாட்டுக்குப் படுத்திருந்துச்சு டாக்டரம்மா. பிள்ளை பக்கத்துல போனான், திடீர்னு கடிச்சிருச்சு."

விருதுநகர் மாவட்டத்தில் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. பொறுமையாக உட்காரவைத்து விசாரித்தால் கதை வேறு மாதிரி வரும். ஒரு மாதமாகவே அந்த நாய் உறுமிக்கொண்டு இருந்திருக்கும். உறுமும்போதெல்லாம் யாராவது பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒன்று போட்டிருப்பார்கள். ஒரு கட்டத்தில் உறுமல் நின்றிருக்கும். 'திருந்திருச்சு' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். கடி அதற்கு அடுத்த வாரம் நடந்திருக்கும்.

உறுமுகிற நாய் உங்களுக்கு அவகாசம் தருகிறது. 'எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ' என்று வாய்விட்டுச் சொல்ல அதற்குத் தெரிந்த வழி அது. அதை அடித்து நிறுத்தினால் பிடிக்காத விஷயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும். என்னிடம் வரும் நாய்களில் நான் அதிகம் பயப்படுவது, அடிவாங்கியே அமைதியாகிப்போன நாய்க்குத்தான். சத்தம் போடுகிற நாய்க்கு அல்ல.

உறுமலுக்கும் முன்னால் நாய் நிறைய சொல்லிவிடுகிறது. சமீபத்தில் ஒரு அம்மா, மகன் தங்கள் லாப்ரடாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருக்கும் படத்தை ஆசையாக போனில் காட்டினார். பையன் முகம் முழுக்கச் சிரிப்பு. நாயைப் பாருங்கள் என்றேன். வாய் இறுக மூடியிருந்தது. காதுகள் பின்னால் ஒட்டிக்கிடந்தன. முகத்தைப் பையனிடமிருந்து திருப்பி, கண்ணை மட்டும் அவன் பக்கம் ஓட்டியிருந்தது. அதனால் கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தது. நாக்கு நுனி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நாய் ரொம்ப நல்ல நாய், அதனால் பொறுத்துக்கொண்டிருக்கிறது. எல்லா நாளும் பொறுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுப்பது, இவையெல்லாம் 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். உடம்பு அப்படியே விறைத்து நின்றுவிட்டால் கடி மிகப் பக்கத்தில் இருக்கிறது. வால் ஆட்டினால் சந்தோஷம் என்று நம்பியும் ஏமாற வேண்டாம். உடம்பே குழைந்து, இடுப்போடு சேர்த்து ஆட்டினால்தான் அது சந்தோஷம். வாலை உயரத் தூக்கி, விறைப்பாக, சின்னச் சின்னதாக வேகமாக ஆட்டினால் ஒதுங்கி நில்லுங்கள்.

சரி, உறுமினால் என்ன செய்வது? செய்துகொண்டிருந்ததை நிறுத்துங்கள். கையை மெதுவாக எடுங்கள், கண்ணை உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் நகருங்கள். குழந்தை அருகில் இருந்தால் முதலில் குழந்தையை அப்புறப்படுத்துங்கள். 'விட்டுக்கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடும்' என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஏறிய நாயை நான் பார்த்ததில்லை. தான் சொன்னதை வீட்டில் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்த நாய்க்குக் கடிக்கவேண்டிய அவசியம் குறைகிறது. அப்புறம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த நேரம், எந்த இடம், யார், எங்கே தொட்டார்கள். ஏழெட்டு முறை எழுதினாலே காரணம் தலைகாட்டிவிடும்.

பல நேரம் அந்தக் காரணம் வலியாக இருக்கும். சாதுவாக இருந்த நாய் குணம் மாறினால், பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தொங்கு காது நாய்களுக்குக் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போய், உள்ளே ஈரம் தங்கி, பூஞ்சைத் தொற்று வரும். காது மடலைத் தூக்கினால் புளித்த வாடை, காபிப்பொடி நிறத்தில் அழுக்கு, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது, இவைதான் அறிகுறி. அந்தக் காதைக் குழந்தை பிடித்து இழுத்தால் எந்த நாயும் பல்லைக் காட்டத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் ஊற்றுவது, பட்ஸ் வைத்துக் குடைவது இரண்டும் வேண்டாம், அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழுப்பு நிற நாய் உண்ணி வருடம் முழுக்க இருக்கும். நாயின் உடம்பில் அல்ல, கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கூண்டின் இடுக்கிலும் முட்டையிடும். அது பரப்பும் எர்லிச்சியா, பபீசியா கிருமிகள் ரத்தத்தில் சேர்ந்தால் காய்ச்சல், சோர்வு, மூட்டுவலி எல்லாம் வரும். 'ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கு, தொட்டா சீறுது' என்று அழைத்துவந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்தால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். வயதான நாய்க்கு இடுப்பு மூட்டு வலி, பல் ஈறு நோய். இவற்றைக் கவனிக்காமல் பயிற்சி கொடுப்பது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமை.

வலி என்று தெரிந்ததும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். மனிதர்கள் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரே ஒரு மாத்திரைதானே என்று கொடுத்துவிட்டு, கருப்பாகப் பேதி போகும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

எங்கள் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்லவேண்டும். ராஜபாளையம் நாய். 2005ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டுப் பெருமைப்படுத்திய இனம். பால்வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. அந்த வெள்ளை நிறத்தோடு ஒரு குறையும் சேர்ந்து வருகிறது: நிறமி இல்லாத குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. இதை அறியாமல் வாங்கிவிட்டு, 'எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பாது, திமிர்' என்று அடிக்கிறார்கள். தூங்கும்போது தொட்டால் பாய்கிறது என்று ஒரு பெரியவர் அப்படி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். மேசையில் அது கண்ணயர்ந்திருந்தபோது, தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். காதுமடல்கூட அசையவில்லை. "செவிடா? இதையா அடிச்சேன்?" என்று அவர் கண் கலங்கிவிட்டார். அன்றைக்கே சில வழிகளைச் சொல்லிக் கொடுத்தேன். தூங்கும்போது எழுப்ப, மூக்கருகே கையை நீட்டி வாசனை காட்டி, பிறகு எப்போதும் ஒரே இடத்தில், தோளில், மெல்லத் தொடவேண்டும். கூப்பிடத் தரையில் காலைத் தட்டினால் அதிர்வு போதும். உட்கார், வா, இரு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகை. தெருவில் அவிழ்த்துவிடவே கூடாது. அந்த நாய் இப்போது அவர் உள்ளங்கையைக் காட்டினால் உட்காருகிறது. இந்த இனக் குட்டி வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் இந்தச் சாவிச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

குட்டி என்றதும் வயது விஷயம். நாய் விற்பனைக்கென்று 2017ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் கண் திறந்து கொஞ்சநாளே ஆன குட்டியைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு வலிக்கும் என்று குட்டி கற்கிறது. அந்தப் பாடம் இல்லாமல் வரும் குட்டியின் கடி முரடாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1960களில் சொன்ன உண்மை இன்றும் மாறவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பழகுகிறதோ, அதையெல்லாம் வாழ்நாளுக்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். இங்கேதான் ஒரு சிக்கல். அதே காலத்தில்தான் வாந்தியும் ரத்தப்பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸும் குட்டிகளைக் கொல்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போட்டால்தான் பாதுகாப்பு. அதுவரை தெருமண்ணில் இறக்கக் கூடாது. அதற்காக அறைக்குள்ளேயே பூட்டியும் வைக்கக் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு போங்கள். ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குடைபிடித்த பாட்டி, ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாவற்றையும் உங்கள் இடுப்பில் இருந்தபடி பார்க்கட்டும். சிவகாசி பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு வெடிச்சத்தம் தீபாவளிக்கு மட்டும் வருவதில்லை. போனில் பட்டாசுச் சத்தத்தை மிக மெதுவாக வைத்து, கூடவே தின்பண்டம் கொடுத்து, நாள்போக்கில் ஒலியைக் கூட்டலாம். பயந்து ஒடுங்கினால் உடனே குறைத்துவிடுங்கள்.

நான்காவது மாதத்திலிருந்து பால்பல் விழுந்து பல் முளைக்கும். அப்போது செருப்பையும் விரலையும் கடிப்பது கோபத்தால் அல்ல, ஈறு குறுகுறுப்பால். ஈரத்துணியை முறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், துணியை விழுங்கிவிடும். விரலைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள், அது போதும்.

பயிற்சி என்பது பெரிய வித்தை இல்லை. உட்கார்ந்த அந்த நொடியிலேயே 'சரி' என்று ஒரு சொல், கூடவே கடலைப்பருப்பு அளவு வேகவைத்த கோழி அல்லது முட்டை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். தாத்தா 'உக்காருடா' என்றும், பேரன் 'சிட்' என்றும், அம்மா 'கீழ இரு' என்றும் சொன்னால் எந்த நாய்க்குப் புரியும்? சாப்பாட்டுத் தட்டிலும் இதே முறைதான். சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுப் பழக்குங்கள் என்று ஒரு தவறான யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படிக் கைவிட்டால், ஆள் வந்தால் சாப்பாடு போகும் என்றுதான் நாய் கற்கும். தள்ளி நின்று, நல்ல துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். ஆள் வந்தால் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தால் தட்டைக் காத்துக்கொண்டு உறுமாது.

'கடிக்கிற நாயாத்தான் வேணும், காவலுக்கு' என்று சொல்லி மாடிப்படிக்கு அடியில் கூண்டுக்குள் பகல் முழுக்க அடைத்து வைக்கிறார்கள். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் ஊர் வேட்டை நாய்களுக்கு ஓடுவதற்கென்றே உருவான உடம்பு. அவற்றை இரண்டு அடி செயினில் கட்டிப்போட்டால் வீரம் வராது, பயமும் வெறுப்பும்தான் வரும். அந்த நாய் திருடனைப் பார்த்துக் கடிப்பதில்லை, பால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும்தான் கடிக்கிறது. தினமும் காலை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நடை, வழியில் நின்று மோந்து பார்க்க அனுமதி, இவ்வளவு கிடைத்தாலே பாதி முரட்டுத்தனம் அடங்கும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காபிப்பொடி எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசியும் தேவை, கேட்டு வாங்குங்கள். வெறிநோய் உள்ள நாயின் எச்சிலில் அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே கிருமி வந்துவிடும். அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி வந்தபின் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. உங்கள் நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஊக்க ஊசி, அப்புறம் வருடாவருடம். அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

குணம் மாறிய நாயை என்னிடமோ வேறு மருத்துவரிடமோ அழைத்து வரும்போது, வீட்டில் அது உறுமும் நேரத்தைத் தூரத்தில் இருந்து போனில் வீடியோ எடுத்து வாருங்கள். அதற்காக வேண்டுமென்றே சீண்டாதீர்கள். ஆஸ்பத்திரி மேசையில் ஏறியதும் பல நாய்கள் பயத்தில் வலியையே மறைத்துவிடும். நொண்டுகிற நாய்கூட நேராக நடக்கும். அரை நிமிஷ வீடியோவில் எந்தக் காலைத் தூக்கிவைக்கிறது, எந்தப் பக்கம் தொடும்போது முகத்தைத் திருப்புகிறது என்று தெரிந்துவிடும். நோட்டில் எழுதியதையும் கூடவே கொண்டுவாருங்கள்.