பக்கத்து நிலத்தில் மாடி எழும்பப் போகிறதா? உங்கள் கையில் 21 நாள்தான்

பக்கத்துத் தெரு அக்கா என்னிடம் கொண்டுவந்த பழுப்பு உறை பிரிக்கப்படவே இல்லை. பதிவுத் தபால். மேலே எழுதியிருந்த பெயருக்கு உரியவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. "அப்பா பேருக்கு வந்தது தம்பி. நாம எப்படிப் பிரிக்கிறதுன்னு சாமி மேடையில வச்சிட்டேன்" என்றார். நான்தான் பிரித்தேன். அவர்கள் பின்வேலியை ஒட்டிய காலி நிலத்தில் அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவும் என்று மலாயில் ஒரே ஒரு பக்கம். அன்றைக்கு முப்பத்திரண்டாவது நாள்.

இந்த 21 நாள் விஷயம் மலேசியாவின் பினாங்கில் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் தவறாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்ட அனுமதி கொடுப்பது மாநகர் மன்றம்: தீவுக்குப் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்துக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம். புதிய கட்டடம் வந்தால் மன்றத்துக்கு வீட்டு வரி கூடும். மாநிலத்துக்கு வீடும் வேண்டும், தொழிற்சாலையும் வேண்டும். மத்திய அரசோ எல்.ஆர்.டி. ரயிலுக்குப் பணம் தருகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களும் எங்காவது குடியிருந்துதானே ஆகவேண்டும்? வீடே கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் போடும் மன்ற உறுப்பினர்கள் நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறக்கச் சட்டம் வைத்திருக்கும் கதவு சின்னது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, அதன் 21ஆவது பிரிவு.

அந்தக் கதவு யாருக்குத் திறக்கும்? நிலத்தின் உரிமையாளருக்கு. குடியிருப்பவருக்கு அல்ல. நாற்பது வருஷம் வாடகை கட்டியிருந்தாலும், தரைவாடகை கொடுத்து அந்த மண்ணில் உங்கள் கைக்காசில் வீடு கட்டியிருந்தாலும், நோட்டீஸ் உங்களுக்கு வராது. குளுகோரில் 2009இல் இடிக்கப்பட்ட புவா பாலா கிராமத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த இடம், ஆனால் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், அவர்கள் பெயர் இல்லை.

உரிமையாளர் என்றாலும் எல்லா அண்டை வீட்டாருக்கும் கிடையாது. உங்கள் நிலம் அந்த நிலத்தை ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ரோடோ சந்தோ சாக்கடையோ இருந்தால் அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டக்கூடாது. முட்டுச்சந்தாக இருந்து, அந்த நிலத்துக்கும் உங்களுக்கும் அதே ஒரே வழி என்றால் மட்டும் 200 மீட்டர் வரை போகும். இரண்டு வீடு தள்ளியிருக்கிறவர், தினமும் அதே நெரிசலில் மாட்டுகிறவர், சட்டத்தின் கண்ணில் அண்டை வீட்டாரே அல்ல. அவர் கையெழுத்து போட்ட மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நூறு பேரிடம் கையெழுத்து வாங்க ஓடுவதற்கு முன்னால், ஒட்டியிருக்கும் நான்கு நிலக்காரர்களைத் தேடிப் பிடியுங்கள்.

இப்போது பெயர் விஷயம். நம் குடும்பங்கள் அதிகமாக விழும் குழி இதுதான்.

வீட்டு வரி பில் உங்கள் பெயரில் வருகிறது, அதனால் வீடு உங்களுடையது என்று நினைக்காதீர்கள். வரி பில் வேறு, கிராண்ட் வேறு. கிராண்டில் இன்னும் தாத்தா பெயர் இருந்தால் நோட்டீஸ் தாத்தாவுக்குத்தான் போகும். உரிமையாளர் இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதி பேசலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் மூத்த மகள் என்பதாலோ, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதாலோ யாரும் பிரதிநிதி ஆகிவிட முடியாது. அதற்குத் தாள் வேண்டும்.

அக்காவோடு நானும் கவுன்டருக்குப் போனேன். எந்த மன்றம் என்பது இங்கே வேண்டாம். இறப்புச் சான்றிதழ், பதினோரு வருஷ வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு மைலோ டின்னில் போட்டு எடுத்து வந்திருந்தார். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். உரிமையாளர் வரவேண்டும் என்றார். இறந்துவிட்டார் என்றோம். அப்படியானால் இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதம் எங்கே என்றார். இல்லை என்றோம். நில அலுவலகத்துக்குப் போங்கள் என்றார். நில அலுவலகத்தில், ஆட்சேபக் கடிதம் எங்கள் வேலை இல்லை, மன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். இரண்டு இடத்திலும் சொன்னது உண்மைதான். இரண்டு உண்மைக்கு நடுவில் ஒரு நாள் போனது, மழையில் நனைந்து பஸ் பிடித்த காசும் போனது.

அந்தத் தாள் எப்படி வாங்குவது? உயில் இல்லாமல் இறந்தவர், சொத்தில் நிலம் உண்டு, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் அது சின்னச் சொத்து. கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வக்கீல் கட்டாயம் இல்லை. முன்பு 20 லட்சமாக இருந்த உச்சவரம்பு 2024 ஜூலை 15 முதல் உயர்ந்திருக்கிறது. பழைய கணக்கைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள். நிலம் இருக்கும் மாவட்ட நில அலுவலகத்தில் போராங் ஏ என்ற விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், கிராண்ட் நகல், வாரிசுகள் அத்தனை பேருடைய அடையாள அட்டை நகல். பாரம் நிரப்புவது சுலபம். சிக்கல் எங்கே என்றால், ஜொகூரில் இருந்துகொண்டு தீபாவளிக்குக்கூடப் பேசாத தம்பியும் விசாரணைக்கு வரவேண்டும், அல்லது எழுதித் தரவேண்டும். இதற்கு 21 நாள் போதாது, மாதக்கணக்காகும். அதனால் பக்கத்து நிலத்தில் புல் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே பெயர் மாற்ற வேலையை ஆரம்பியுங்கள். வேலி அடித்து, திட்டப் பலகை நட்ட பிறகு ஓடினால் அனுமதி பெரும்பாலும் முடிந்துபோன கதை.

பிளாட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. உங்கள் வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், கட்டடம் நிற்கும் நிலத்துக்கான நோட்டீஸ் பெரும்பாலும் நிர்வாகக் குழுவின் ஆபீசுக்குத்தான் போகும். அங்கே அது லிப்ட் பழுதுபார்த்த பில்களுக்கு அடியில் தூங்கும். மாதம் ஒருமுறை செயலாளரைப் பார்த்து, மன்றத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா என்று கேளுங்கள். முறைத்தாலும் பரவாயில்லை.

சரி, நோட்டீஸ் உங்கள் பெயரிலேயே கைக்கு வந்துவிட்டது. முதலில் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். நாள் எண்ணுவது நோட்டீஸ் உங்களிடம் சேர்ந்த நாளிலிருந்து. கடிதத்தின் மேலே இருக்கும் தேதியிலிருந்து அல்ல. தபால் முத்திரைதான் உங்கள் சாட்சி. அப்புறம் கடிதத்தை மலாயில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தலைப்பில் பந்தாஹான், அதாவது ஆட்சேபம், என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். வெறும் அடுவான், அதாவது புகார், என்று எழுதினால் அது குப்பை, சாக்கடைப் புகார்களோடு சேர்ந்து வேறு மேசைக்குப் போய்விடும். விண்ணப்ப எண், உங்கள் நிலத்தின் லாட் எண் இரண்டையும் எழுதுங்கள்.

இன்னொரு வரியையும் மறக்காதீர்கள். பலர் கோட்டைவிடுவது அதில்தான். நேரில் விசாரிக்கும்படி கேட்கிறேன் என்று அந்தக் கடிதத்திலேயே எழுத வேண்டும். ஆட்சேபம் தெரிவித்து, விசாரணையும் கேட்டவரைத்தான் மன்றம் கூப்பிட்டுக் கேட்கச் சட்டம் சொல்கிறது, அதுவும் 30 நாளுக்குள். கேட்காதவரைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. கூப்பிடவும் மாட்டார்கள்.

காரணம் எழுதும்போது, வீட்டு விலை குறையும், யார் யாரோ குடிவருவார்கள் என்றெல்லாம் எழுதினால் கோப்பு அங்கேயே மூடும். சாக்கடை எங்கே முடிகிறது, 2017 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, பள்ளிக்கூட நேரத்தில் ரோடு எப்படி அடைபடுகிறது என்று எழுதுங்கள், படத்தோடு. நிலம் சரிவாக இருந்தால் அதை முதல் வரியில் வையுங்கள். பினாங்கில் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே இருப்பது மலைநிலம், 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் கட்டுப்பாட்டில் வரும். 2017இல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர், மறு வருஷம் புக்கிட் குக்குஸில் 9 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு சரிவு என்ற சொல்லைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பது எந்த அதிகாரிக்கும் சுலபமில்லை.

கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றால் போகாதீர்கள். இந்த முத்திரை பின்னால் வேலைக்கு வரும். மன்றம் அனுமதி கொடுத்துவிட்டால், முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் 21 நாளுக்குள் ஆட்சேபித்தவர் மட்டும்தான். அன்றைக்குச் சும்மா இருந்தவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

கடைசியாக ஒரு பெரிய பொறி. உங்கள் பகுதிக்கு ரன்சாங்கான் தெம்பாத்தான், அதாவது உள்ளூர்த் திட்டம், அரசாணையில் வந்துவிட்டால் இந்த நோட்டீஸ் உரிமையே கிடையாது. 21ஆவது பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எங்கே எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை அந்த வரைபடமே முடிவுசெய்துவிட்டது, இனி அண்டை வீட்டாரை எதற்குக் கேட்பது என்று வாதம். அந்த வரைவைப் பொதுமக்கள் பார்வைக்குக் குறைந்தது நான்கு வாரம் வைப்பார்கள், பத்திரிகையில் அறிவிப்பு வரும். யார் வேண்டுமானாலும், வாடகைக்காரரும்கூட, எழுதலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் அந்தக் கலர் வரைபடத்தைப் பார்க்க நம் ஆட்கள் போவதே இல்லை. கவுன்டருக்குப் போனால் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: எங்கள் லாட்டுக்கு உள்ளூர்த் திட்டம் அமலில் இருக்கிறதா? ஆம் என்றால், விண்ணப்பம் அந்த வரைபடத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் அனுமதி தரக்கூடாது என்று 22ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி எழுதுங்கள்.

அக்கா போராங் ஏ கொடுத்துவிட்டார். முதல் விசாரணைக்கு ஜொகூர் தம்பி வரவில்லை, தேதி தள்ளிப்போயிருக்கிறது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் நான்காவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.